கழுத்துக்கு வந்த கண்டம்

எங்கள் டெப்போவில் கண்டம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இனி ஓட்ட முடியாது என்று முடிவு கட்டிய பஸ் கண்டம். தேய்ந்து வழவழப்பான டயர் கண்டம். அப்படிப்பட்டதையெல்லாம் பின்பக்கச் சுவரோரம் தள்ளிவிடுவார்கள். ஏலம் எடுக்க ஆள் வரும்வரை வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடக்கும். ஆங்கிலத்தில் கண்டெம் என்பதை எங்கள் ஆட்கள் எப்போதோ இப்படித் தமிழாக்கிவிட்டார்கள். மெக்கானிக்காகச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ வண்டிகளுக்கு அந்தச் சொல்லைச் சொன்னவன் நான். ஒருநாள் என் கழுத்துக்கே அதைச் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

கழுத்து வலிக்காரர் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் கழுத்தில் என்ன கோளாறு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்கு நடந்தது இது.

என் வேலை பிட்டில். பிட் என்பது தரையில் ஆள் உயரத்துக்குத் தோண்டி சிமெண்ட் பூசிய பள்ளம். பஸ்ஸை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நாங்கள் உள்ளே இறங்கி அண்ணாந்தபடியே வேலை செய்வோம். முகத்தில் கிரீஸ் சொட்டும், கண்ணில் துரு விழும். ஆனாலும் எனக்கு அதுதான் பிடித்த இடம். ஒரு வண்டிக்கு என்ன கேடு என்பது அதன் அடிவயிற்றைப் பார்த்தால்தான் தெரியும், மேலே நின்று பேசுகிறவர்கள் பெயிண்ட் அடிக்கத்தான் லாயக்கு என்று வாய்கூசாமல் சொல்லிக்கொண்டு திரிவேன். திமிர் பிடித்த ஆள்தான்.

சுனாமி வந்ததற்கு மறுவருஷம் அந்தத் திமிருக்கு ஒரு பிடி விழுந்தது. வலப்பக்கக் கழுத்தில் ஆரம்பித்துத் தோள்பட்டைவரை இழுத்துப் பிடிக்கும். முதலில் இரவுப் படுக்கை சரியில்லை என்றேன். பிறகு தலையணையை மாற்றினேன். பிறகு தலையணையே வேண்டாமென்று வீசினேன். மாதங்கள் போயின, வலி மட்டும் போகவில்லை. தலையை வலப்பக்கம் திருப்பினால் உயிர் போகும்.

என்னோடு பிட்டில் வேலை செய்யும் நாகு காலால் பிறந்தவன். அதாவது பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் காலால் தடவிவிட்டால் சுளுக்கு எடுபடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. டெப்போவில் யாருக்கு முதுகு பிடித்துக்கொண்டாலும் நாகுவின் முன்னால் வந்து குந்துவார்கள். ஊரையே மிரட்டுகிற மேனேஜர்கூட ஒருதரம் கதவைச் சாத்திக்கொண்டு அவனிடம் மிதி வாங்கினார்.

"இன்னா மச்சான், ஒரு மிதி வெச்சுடட்டா? ரெண்டே நாள்ல பறந்துகினு பூடும்" என்றான் நாகு.

வைத்தான். பறக்கவில்லை. அடுத்து சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வீடு வரை கண்ணில் நீர் வழிய வந்தேன். பம்மலில் எங்கள் தெருமுனைக்கு ஷேர் ஆட்டோ வந்து நின்றதும் இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வசந்தா வந்து கையைப் பிடித்து இறக்கினாள். மறுநாளே தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எலும்பு டாக்டருக்காகக் காத்திருக்கும் கூடத்தில் டிவியை உத்தரத்தை ஒட்டி மாட்டியிருந்தார்கள். கழுத்து வலி, முதுகு வலி என்று வந்தவர்கள் அத்தனை பேரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு முனகினார்கள். அதை அங்கே மாட்டிய புண்ணியவானைக் கையில் ஸ்பேனரோடு சந்திக்க ஆசைப்பட்டேன்.

டாக்டர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டிப் பார்த்தார். கை மரத்துப்போகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எக்ஸ்ரே எடுத்து வந்ததும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ். நரம்புக்கு ஒண்ணும் ஆகல. எலும்புத் தேய்மானம், அவ்வளவுதான். பயப்படாதீங்க."

அவர் சொன்னதில் தேய்மானம் என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. தேய்மானம் எனக்குப் புதிதா? பிரேக் லைனிங் தேய்வது, டயர் தேய்வது, இணைப்புகளில் இருக்கும் புஷ் தேய்ந்து ஸ்டியரிங் ஆட்டம் கொடுப்பது, இதையெல்லாம் விரல் நகத்தாலேயே அளந்து சொல்பவன் நான். ஒவ்வொன்றுக்கும் ஒரு லிமிட் உண்டு. லிமிட்டைத் தாண்டினால் கண்டம்.

"எவ்வளவு தேஞ்சிருக்கு சார்? லிமிட் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"லிமிட்டா?" என்று சிரித்தார் டாக்டர். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

அங்கே ஆரம்பித்தது என் தப்புக் கணக்கு. தேய்ந்த பாகத்தை எவ்வளவு குறைவாக ஓட்டுகிறோமோ அவ்வளவு நாள் வரும். ஆகவே கழுத்தை அசைக்கவே கூடாது. மருந்துக் கடையில் வாங்கிய கழுத்துப் பட்டையைச் சோறு தின்னும்போதுகூடக் கழற்றவில்லை. யாராவது கூப்பிட்டால் காலை மாற்றி மாற்றி வைத்து முழு உடம்போடு திரும்புவேன். பேச்சுக்கு நடுவில் தலையாட்டுவதைக்கூட விட்டுவிட்டேன். எதிரில் இருப்பவர்களுக்கு நான் ஒத்துக்கொள்கிறேனா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று.

வலி குறையாததால் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து ட்ராக்ஷன் போட்டார்கள். கழுத்தை மெதுவாக இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை அது. தாடைக்கும் பிடரிக்கும் சேர்த்து ஒரு வாரை மாட்டி, அதில் கட்டிய கயிற்றைத் தலைமாட்டில் ஒரு கப்பி வழியாக விட்டு, மறுமுனையில் எடை தொங்கவிடுவார்கள். தொங்கும்வரை சுகமாகத்தான் இருந்தது. வாரைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரவில் கண்ணை மூடினால் சுவரோரம் நிற்கும் பஸ்கள் வரும். ஒன்றில் டயர் இருக்காது, ஒன்றில் கண்ணாடி இருக்காது.

வசந்தா கட்டிலுக்கு இடப்பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலப்பக்கம் வந்தால் நான் திரும்ப வேண்டுமே. தண்ணீர் டம்ளரும் இடப்பக்கம், பேப்பரும் இடப்பக்கம். வீட்டில் இருக்கும்போது நான் குனிய வேண்டாமென்று குண்டானைக் கவிழ்த்து அதன்மேல் தட்டு வைத்துத்தான் சோறு போடுவாள். தெருவில் நடந்தால் எப்போதும் ஒரு எட்டு முன்னால் வந்து நின்று பேசுவாள். அவள் இதையெல்லாம் சொல்லிக் காட்டியதே இல்லை. படுத்துக்கிடந்தபோதுதான் நான் கவனித்தேன், கவனித்ததும் அழுகை வந்தது.

அன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "நான் கண்டம் வசந்தா. அவ்ளோதான்."

அவளுக்கு என் டெப்போ பாஷை எங்கே தெரியும்? "எந்த ஜோசியர் சொன்னாரு? எப்ப ஜாதகத்தைக் காட்டினீங்க? எனக்குத் தெரியாம எதுக்குங்க போனீங்க?" என்று முகம் வெளிறிப்போய்க் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை கண்டம் என்றால் உயிருக்கு வரும் ஆபத்து. விளக்கிச் சொல்வதற்குள் கோயிலுக்கு ஓடிப்போய் ஒரு கறுப்புக் கயிறு வாங்கிவந்து என் கழுத்தில் கட்டிவிட்டாள். மேலே பட்டை, அடியில் கயிறு என்று கிடந்தேன்.

நாகு பார்க்க வந்தான். சாத்துக்குடிப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். தன் மிதியால்தான் என் எலும்பு தேய்ந்துவிட்டது என்று அவன் மனதுக்குள் ஒரு பயம். அதைச் சிரித்து விரட்டியபிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னான்.

"மச்சான், மேனேஜர் பேசிக்கினு இருந்தாரு. நீ பிட்ல வேலை செய்யலாம்னு டாக்டர் எழுதிக் குடுக்கலன்னா உன்ன கேட்ல உக்கார வெச்சிடுவாங்களாம். எந்த வண்டி போச்சு, எந்த வண்டி வந்துச்சுன்னு எழுதற வேலை. சம்பளம் அதே சம்பளம்தான். பேஜார் ஆவாத."

கேட்டில் உட்காருவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு நேர் எதிரில்தான் அந்தப் பின்பக்கச் சுவர் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கண்டம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது வலியைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நான் பிட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "கீழே பிசியோதெரபிக்கு வந்துகிட்டே இருங்க" என்றார். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீள அறை. சுவரில் ஏணி மாதிரிக் கட்டைகள், மூலையில் ஒரு மிதிசைக்கிள். அங்கே உமா என்று ஒரு பெண் இருந்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர். நான் உள்ளே வந்து, கதவைச் சாத்துவதற்காக முழு உடம்போடு திரும்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார், பஸ் மாதிரி இடம் பாத்துத் திரும்பறீங்க?"

"பஸ் மெக்கானிக்தாங்க மேடம்" என்றேன் எரிச்சலோடு.

பட்டையைக் கழற்றிவிட்டுத் தலையைத் திருப்பச் சொன்னார். மாட்டேன் என்றேன். "தேய்மானம் மேடம். திருப்பத் திருப்ப இன்னும் தேயும். அப்புறம் கண்டம்தான்."

உமாவுக்குக் கண்டம் புரியவில்லை. விளக்கினேன். ஏலம், சுவரோரம், எல்லாவற்றையும். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி சார், உங்ககிட்டயே கேக்கறேன். நல்லா ஓடிட்டிருக்கற ஒரு பஸ்ஸை, தேய வேணாம்னு ஆறு மாசம் ஷெட்லயே நிறுத்தி வெச்சா என்ன ஆகும்?"

"பேட்டரி இறங்கிடும். டயர் ஒரு பக்கமா சப்பையாயிடும். பிரேக்..."

"பிரேக்?"

"பிடிச்சுக்கும்" என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"உங்க கழுத்தும் அப்படித்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. எக்ஸ்ரேல தெரியற தேய்மானம், தலை நரைக்கற மாதிரி, வயசானா நிறைய பேருக்கு வர்றது. வலி இல்லாதவங்களுக்கும் இருக்கும். அப்புறம் இன்னொண்ணு. பஸ்ஸுக்கு ஸ்பேர் வெளியிலேர்ந்து வரணும். சதைக்கு அப்படி இல்ல, வேலை குடுத்தா அதுவே வளரும். எந்த லைனிங் சார் ஓட ஓடத் தடிமனாகும்?"

பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த அஞ்சலையம்மாள் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்பவர். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"யோவ், வுழுந்த அன்னிக்கு எனுக்கும் கழுத்துல படம் புட்ச்சாங்க. தேஞ்சி கீதுன்னு எனுக்குந்தான் சொன்னாங்க. எனுக்கு ஒரு வலியும் இல்ல. இந்தா பாரு" என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். "முட்டிதான்யா என் பிராது."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அன்று முதன்முறையாகத் தலையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினேன். ஒரு விரல் அகலம்கூட இருக்காது. வலித்தது, ஆனால் எதுவும் உடையவில்லை.

பயிற்சிகள் பார்க்க ரொம்ப அற்பமாக இருக்கும். மல்லாந்து படுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், மோவாயை மட்டும் லேசாக உள்ளே இழுத்து ஆமாம் என்பதுபோல ஒரு சின்ன அசைவு. "தலகாணிக்கு ஆமாம் சொல்லுங்க" என்பார் உமா. கழுத்தின் முன்பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் சதைகள் வலுவாவதற்காக அது. அடுத்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளிக்கொண்டே தலை நகராமல் எதிர்த்து நிற்பது. இதற்கு ஐசோமெட்ரிக் என்று பெயர். எதுவும் அசையாது, ஆனால் சதை உழைக்கும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து மோவாயைப் பின்னால் இழுப்பது. ரெட்டைத் தாடை வந்து கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி ஆகிவிடுவேன். கடைசியில் ஒரு ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டைகளை முதுகுப்பக்கம் ஒன்றுசேர்ப்பது. கழுத்துக்குத் தோள்தான் அஸ்திவாரம் என்று உமா விளக்கினார்.

வீட்டில் செய்ய அந்த ரப்பர் பட்டை வேண்டும் என்றார். நாகுவிடம் சொன்னேன். மறுநாளே ஒரு பழைய ட்யூபிலிருந்து அகலமாக ஒரு துண்டு வெட்டிக் கழுவிக் கொண்டுவந்தான். "கண்டம் ட்யூப்தான் மச்சான். ஆனா இழுத்துப் பாரு, இன்னா ஜோரா கீது" என்றான். ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டேன். இன்றும் அது அங்கேயேதான் இருக்கிறது.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில வாரங்களில் வலி கூடியது. நான் பயந்துபோய்க் கழுத்துப் பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். வசந்தாதான் என்னைக் கிளப்பிக்கொண்டு போனாள். உமா கோபப்படவில்லை.

"வலிச்சா கெட்டுப்போகுதுன்னு அர்த்தம் இல்லண்ணா" என்றார். சார் போய் எப்போது அண்ணா ஆனேன் என்று தெரியவில்லை. "ரொம்ப நாள் கழிச்சு வேலை செஞ்சா எந்தச் சதையும் வலிக்கும். மறுநாளுக்குள்ள அடங்கிட்டா பயமில்ல. அடங்கலன்னா கொஞ்சம் குறைச்சுச் செய்வோம். கைக்குச் சுரீர்னு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ மட்டும் உடனே நிறுத்திட்டு வந்து சொல்லுங்க."

பிறகு வசந்தாவைப் பார்த்தார். அவள் வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க எப்பவும் இந்தப் பக்கமே உக்காருவீங்களா?"

"அந்தப் பக்கம் திரும்பினா அவருக்கு வலிக்கும்மா."

"அதனாலதான்கா அவர் திரும்பவே இல்ல. இனிமே நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. தண்ணி கேட்டா அந்தப் பக்கம் வைங்க. பின்னாடி நின்னு கூப்பிடுங்க."

வசந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு நாள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் தப்பா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். உமாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பே இல்லக்கா. அப்ப அது வேணும். இப்ப இது வேணும்" என்றார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு சிரித்தார். "உங்க கண்டத்தைப் பத்தி யோசிச்சேன்ணா. நீலகண்டன்னு சாமிக்குப் பேர் இருக்கே, அதுல கண்டம்னா கழுத்துதானே?" வசந்தாவும் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் வீட்டில் எனக்கு நிம்மதியே இல்லை. காபி டம்ளர் வலப்பக்கம் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும். டிவியை வலப்பக்க மூலைக்குத் தள்ளிவிட்டாள். சமையலறையிலிருந்து, "என்னங்க" என்று கூப்பிட்டுவிட்டு, நான் திரும்பும்வரை என்ன விஷயம் என்று சொல்ல மாட்டாள். "கொலைகாரி" என்று ஒருநாள் கத்தினேன். கரண்டியோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யாரைச் சொன்னீங்க? பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

வலி துடைத்துவிட்டாற்போலப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் வேலை அதிகமானால் எட்டிப் பார்க்கும். ஆனால் வந்தால் போகும் என்று தெரிந்துவிட்டது. பயிற்சியை மாதக்கணக்கில் விடாமல் செய்தேன். கழுத்துப் பட்டை பீரோவுக்கு மேலே போயிற்று. ஒருநாள் ஷேர் ஆட்டோவின் குலுக்கலில் வீடு வந்து இறங்கியபிறகுதான் கழுத்தைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

டெப்போவில் கேட்டுவிட்டார்கள், பிட் வேலையா, கேட் வேலையா என்று. டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். வசந்தாவும் நானும் போனோம். புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். அதை டாக்டரிடம் கொடுத்துவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் எழுந்து எனக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்த வெளிச்சப் பெட்டியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

"இங்க பாருங்க" என்றார். "பழசு இது, புதுசு இது. தேய்மானம் கொஞ்சம்கூடக் குறையல. ரெண்டும் அப்படியே இருக்கு."

இத்தனை மாதம் தலையணைக்கு ஆமாம் சொன்னதெல்லாம் வீணா? அந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கேட்டுக்கு எதிரில் இருக்கும் சுவர் கண்முன்னால் வந்தது.

"அப்ப பிட்டு, சார்?" என்றேன்.

டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு.

"தேவராஜ், இவ்வளவு நேரமா எப்படிப் பாத்துட்டிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் முழங்கால்கள் மேஜையைப் பார்த்து இருந்தன. தோள் மேஜையைப் பார்த்து இருந்தது. தலை மட்டும் வலப்பக்கம் திரும்பி, தோளுக்கு மேலாக அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"படத்துக்கு நான் வைத்தியம் பாக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் பேனாவை எடுத்தார். "பிட்டுல நடுநடுவுல மேல ஏறி வந்து கழுத்துக்கு ஓய்வு குடுங்க. பயிற்சியை விடாதீங்க. போய் வேலையைப் பாருங்க."

கீழே உமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நாகுவுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காயின் போனிலிருந்து சொன்னேன். அவன் போட்ட சத்தம் ரோட்டில் போகிறவர்களுக்கே கேட்டிருக்கும்.

பம்மல் பஸ்ஸில் நல்லவேளையாக இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. வசந்தா என்னைத் தாண்டிப் போய் ஜன்னலோரம், என் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வண்டி கிளம்பியதும் பேச ஆரம்பித்தாள். அண்ணன் வீட்டு விசேஷம், அரிசி விலை, எதிர்வீட்டுக்காரி சொன்னது என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள். பஸ்ஸின் அடியில் எங்கேயோ ஒரு புஷ் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருப்பேன். அன்று ஒவ்வொரு பேச்சுக்கும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, தலையாட்டிக்கொண்டே வந்தேன்.